மறு: எக்சிமாவுக்குத் தமிழ்ச்சொல்: ‘கரப்பான்’ என் வாக்கு

> எக்சிமாவுக்குச் ‘சொறி’ போதுமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

அண்ணாச்சி, எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கலே. மார்த்தாண்டம் பஸ்ஸில் ஒருவருக்குச் சொறி என்று தெரிந்தால் பக்கத்துச் சீட்டு காலியாகவே வரும். சொறி சிரங்கு உண்ணியால் வருவது, ஒட்டும். படை பூஞ்சையால் வருவது, அதுவும் ஒட்டும். எக்சிமா தோல் அழற்சி, யாருக்கும் ஒட்டாது. எது எது என்று பார்க்காமல் படைக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அரிப்பு அடங்கிவிடும், பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டே போகும். ஆகவே மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும்.

‘கரப்பான்’ சித்த வைத்தியத்தில் புழங்கும் சொல். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் ‘கரப்பன்’தான். பூச்சி ஞாபகம் வருமே என்பீர்கள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்துப் பாட்டி ‘கரப்பான்’ என்றால் யாரும் துடைப்பத்தைத் தேடுவதில்லை.

வகைகளில் அதிகம் யோசிக்க வேண்டியது காண்டாக்ட் டெர்மடைட்டிஸ், அதாவது ஏதாவது பொருள் தோலில் பட்டு வருவது. ‘தொடுகரப்பான்’ என்கிறேன். ஆனால் அதற்குள் இரண்டு உண்டு. நம் பக்கத்து அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டையின் தோடு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கும். தோட்டு எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் யார் தோலில் பட்டாலும் அரிக்கும். இது ‘எரி தொடுகரப்பான்’. இன்னொன்று வேறு விதம். முதலில் பட்டபோது ஒன்றும் தெரியாது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளைக் குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு துளி பட்டாலும் ஓரிரு நாளில் தடித்து, நீர் கோத்து, அரிப்பெடுக்கும். இது ‘ஒவ்வாத் தொடுகரப்பான்’. அண்டித் தோடு ஒரே கையில் இரண்டையும் கொண்டுவரும். வண்ணார் குறியிடும் சேங்கொட்டையும் அதே குடும்பம்தான், அந்தக் குறி பட்ட இடத்திலும் சிலருக்குத் தடிக்கும்.

சரி, கையுறை போடலாமே என்றால், சிலருக்கு அதுவே வினை. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்றவை ஒத்துக்கொள்ளாது. எது காரணம் என்று பார்க்க, சந்தேகப் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்ததும் ஒரு தடவை, ஓரிரு நாள் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள். ‘ஒட்டுச் சோதனை’ என்றே சொல்லலாம்.

வட்ட வட்டமாக வரும் நம்முலர் எக்சிமாவுக்குக் ‘காசுக்கரப்பான்’. இலத்தீன் பெயரிலும் காசுதான். படை நடுவில் தெளிந்து ஓரத்தில் வளையமாக நிற்கும், இது வட்டம் முழுக்க நிரம்பியிருக்கும். கணுக்காலில் ரத்தம் தேங்கி வருவது ‘தேக்கக் கரப்பான்’. உள்ளங்கையில் சிறுசிறு கொப்புளமாக வரும் டிஸ்ஹைட்ரோட்டிக்குக் குழுவில் யாரோ ‘வியர்வைக் கரப்பான்’ என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். வியர்வைச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருகிறது என்பது பழைய எண்ணம், ஆங்கிலப் பெயரில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது, நாமும் ஏன் சுமக்க வேண்டும்? ‘கொப்புளக் கரப்பான்’ போதும்.

சரியான சொல் அகப்படாமல் இழுப்பது அடோபிக் எக்சிமாதான். ஆஸ்துமா, தும்மல் உள்ள குடும்பங்களில் அதிகம் வருவதும், ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுக் குறைக்கு அதில் பங்கிருப்பதும் உண்மை. அதற்காகப் ‘பரம்பரைக் கரப்பான்’ என்று வைத்தால், பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் அது எப்படி விழும்? வேறு நல்ல சொல் வரும்வரை ‘அடோபிக் கரப்பான்’ என்றே எழுதுகிறேன். கேரளத்தில் பாறசாலைப் பக்கம் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் எழுதுங்கள்.