அத்திக்காய்க்குள் பூச்சி: மருந்து அடிக்கலாமா?

வியாசை மாடித்தோட்டம்:
வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் ஒரு நாட்டு அத்தி நிற்கிறது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். எந்தக் காயைப் பிளந்தாலும் உள்ளே பொடிப்பொடியாகப் பூச்சி. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் போகுமா? சில கொத்துகள் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்துவிடுகின்றன, அது ஏன்? விதை போட்டால் முளைப்பதும் இல்லை. ஆனால் யாரும் போடாமலே மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது!

குளவி கவனிப்பவர்:
தயவுசெய்து எதுவும் அடிக்காதீர்கள். நீங்கள் பார்த்தது நோய் இல்லை, அந்த மரத்தின் மகரந்தக் குளவி. நாட்டு அத்திக்கு செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ் என்ற குளவி. ஆலுக்கும் அரசுக்கும் வேறு வேறு இனங்கள்.

நாம் காய் என்று சொல்வது உள்பக்கமாகத் திரும்பிய ஒரு பூக்கூடை. காம்புக்கு எதிர்முனையில் செதில் மூடிய ஒரு வாய் இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெண் பூக்கள் தயாரானதும் அது லேசாக நெகிழும். வாசனை பிடித்து வரும் பெண் குளவி அதற்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். பிறகு வெளியே வராது. முன்காலால் மார்புப் பையிலிருந்து மகரந்தத்தை எடுத்துப் பூக்களில் வைக்கும், சில பூக்களில் முட்டையும் இடும். முட்டை விழுந்த பூ வீங்கிக் குஞ்சு வளர்க்கும், மற்றது விதையாகும். சில வாரம் கழித்து முதலில் இறக்கையில்லாத மஞ்சள் ஆண்கள் வரும்; இணைசேர்ந்து, சுவரைக் குடைந்து வழி செய்துவிட்டு இறக்கும். கருத்த பெண்கள் புது மகரந்தத்தோடு அந்த வழியே பறக்கும். பழம் சிவந்து இளகுவது அதற்குப் பிறகுதான்.

நேரில் பார்க்க, சிவப்பேறாமல் லேசாக நெகிழ்ந்த காய்களாக நாலைந்து பறித்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு மெல்லிய வேட்டித் துணியால் வாயைக் கட்டுங்கள். இறுக்கமான மூடி போட்டால் உள்ளே வியர்த்து, ஈரத்தில் குளவிகள் ஒட்டிச் சாகும். வால்போல் நீண்ட ஊசி உள்ளவையும் சேர்ந்து வரும். அவை வெளியிலிருந்தே காய்ச்சுவரைத் துளைத்து முட்டையிடுபவை, மகரந்தம் கொண்டுவராதவை. மரத்தில் முசுறு எறும்பு இருந்தால் அந்த ஊசிக்குளவிகளை நிம்மதியாகத் துளைக்க விடாது. அதனால் எறும்புக்கூட்டையும் கலைக்காதீர்கள்.

கொசஸ்தலை:
பிஞ்சிலேயே உதிர்வது பெரும்பாலும் குளவி நுழையாத காய். வளர்ந்த குளவிக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் வாய் நெகிழ்ந்த காயுள்ள இன்னொரு மரம் கிடைக்க வேண்டும். ஒரே மரத்துக் காய்கள் ஏறக்குறைய ஒன்றாகப் பருவத்துக்கு வரும், ஆனால் மரத்துக்கு மரம் காலம் மாறும். அந்த மாற்றத்தில்தான் குளவியின் பிழைப்பே இருக்கிறது.

தூரம் அவ்வளவு பெரிய தடையில்லை. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் அத்திக்குளவிகள் 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டுபோனதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றில் மேலெழும்பி மிதந்து போகும். செங்குன்றம் பக்கத்து மரத்திலிருந்து வியாசர்பாடிக்கு வருவது பெரிய விஷயமே இல்லை. இவ்வளவு மெல்லிய உடம்புக்குக் கொசுப்புகைதான் எமன். இன்னொன்று, மழைக்காலத்துக்கு முன் கிளை கழிக்கிறேன் என்று வட்டாரத்து ஆல், அரசு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மொட்டையடிப்பது. அத்தி அடிமரத்தில் காய்ப்பதால் ஓரளவு தப்பிக்கும். ஆலும் அரசும் இலையுள்ள சிறுகிளையில் காய்ப்பவை, கிளை போனால் காய் போச்சு, குளவிக்கும் இடமில்லை. மின்கம்பியில் உரசுவதை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மற்ற மரங்களை மாதம் தள்ளித் தள்ளிக் கழிக்கட்டும்.

நாற்றங்கால்:
விதை விஷயம். நன்றாகக் கனிந்து தானாக விழுந்த பழம்தான் எடுக்க வேண்டும். வௌவால் கடித்ததைத் தொடாதீர்கள், சாப்பிடவும் வேண்டாம். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து விடுங்கள். குளவி வளர்ந்த வெற்றுக்கூடும் சதையும் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். மூன்று நான்கு முறை அலசி டீ வடிகட்டியில் வடியுங்கள்.

சலித்த மணலும் மக்கிய உரமும் சரிபாதி. விதையை மேலே தூவுவதோடு சரி, மண் போட்டு மூடக்கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். உங்களுக்கு முளைக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஊற விடுங்கள், மேலே ஊற்றினால் விதை அடித்துப் போய்விடும். உப்பேறிய போர் தண்ணீர் ஆகாது, மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பச்சை தெரியும். முளைத்த பிறகும் மூடியே வைத்தால் தண்டு அடியில் கறுத்துச் சாயும், தினமும் காற்று விடுங்கள். நாலு இலை வந்ததும் பிரித்து நடலாம்.

வியாசை மாடித்தோட்டம்:
மிக்க நன்றி சார். மருந்து அடிக்கவில்லை. அந்தக் கைப்பிடிச் சுவர்க் கன்று?

கொசஸ்தலை:
அது குயிலோ மைனாவோ குக்குறுவானோ போட்ட எச்சம். இவற்றின் வயிற்றில் அத்தி விதை உடையாது, கிளி அரைத்துவிடும். குட்டைமூக்கு வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தின்று, சக்கையைத் துப்பும். அந்தச் சக்கையிலும் விதை இருக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் பனைமட்டை இடுக்கில் அரசும் ஆலும் நிற்பது இவற்றால்தான்.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரம் பிடிக்கும், அதனால் சுலபமாக வேர்விடும். விரல் தடிமன் ஆவதற்குள் எடுத்துவிடுங்கள். முந்தின நாள் இரவே தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் காரையை உளியால் தளர்த்தி, வேரோடு இழுங்கள். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்த்து விரிசலை அகலமாக்கும். பாதி இலையைக் கிள்ளிவிட்டுத் தொட்டியில் வைத்து இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு திறந்தவெளியில்தான் நட வேண்டும், வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் நன்றாகத் தள்ளி.