ஓக் இலையை மட்டும் பாத்து எந்த வகைன்னு சொல்லிட முடியுமா?

கேள்வி
கீழ கிடந்த ஓக் இலைங்க கொஞ்சம் பொறுக்கி வெச்சிருக்கேன், எல்லாம் வட அமெரிக்க வகைங்கதான். ஒண்ணு ரெட் ஓக்னு தோணுது ஆனா படத்தோட வெச்சுப் பாத்தா பின் ஓக், ஸ்கார்லெட் ஓக் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

இலைக்கிறுக்கன்
மொதல்ல மடலோட, அதாவது இலை ஓரத்துல விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கற பகுதியோட, நுனியப் பாருங்க. மெல்லிசா முடி மாதிரி நீட்டிட்டு இருந்தா ரெட் ஓக் குரூப், நுனி உருண்டையா முடிஞ்சா பெரும்பாலும் ஒயிட் ஓக் குரூப். இதுலயே பாதி வேலை முடிஞ்சுது. அடுத்தது ரெண்டு மடலுக்கு நடுவுல இருக்கற வெட்டு எவ்ளோ ஆழம்னு. நார்தர்ன் ரெட் ஓக்ல சுமார் பாதி தூரம்தான் உள்ள போகும், இலையும் பளபளன்னு இருக்காது. பின், ஸ்கார்லெட் ரெண்டுலயும் நடு நரம்புக்குப் பக்கத்துல வரைக்கும் போயிடும். பின் ஓக் வெட்டு யூ ஷேப், ஸ்கார்லெட் சி ஷேப்.

கொட்டைபொறுக்கி
அந்த யூ, சி கணக்கெல்லாம் நம்பி எறங்காதீங்க. ஒரே மரத்துலயே உச்சில வெயில் படுற இலை ஒல்லியா ஆழமா வெட்டுப்பட்டு இருக்கும், கீழ நெழல்ல இருக்கறது அகலமா வெட்டு கம்மியா இருக்கும், நீங்க எடுத்தது எதுன்னு யாருக்குத் தெரியும்? கொட்டையத் தேடுங்க. பின் ஓக் கொட்டை சின்னதா உருண்டையா இருக்கும், தொப்பி சாஸர் மாதிரி தட்டையா மேலாப்புல நிக்கும். ஸ்கார்லெட்ல தொப்பி கிண்ணமா கிட்டத்தட்ட பாதி கொட்டைய மூடிரும், நுனியச் சுத்தி வளையம் வளையமா கோடும் பல கொட்டைல தெரியும். மரம் கிட்ட நின்னா இன்னும் ஈஸி, பின் ஓக்கோட கீழ்க்கிளை தரையப் பாத்து சரிஞ்சிருக்கும்.

கேள்வி கேட்டவர்
சூப்பர். இன்னொரு இலை இருக்கு, நுனி உருண்டை, நடுவுல இடுப்பு ஒடுங்கி மேல் பாதி நல்லா அகலம். இது ஒயிட் ஓக்கா?

இலைக்கிறுக்கன்
குரூப் அதேதான், ஆனா நீங்க சொல்றது பர் ஓக் மாதிரி இருக்கு. தொப்பி ஓரத்துல நூல் பிரிஞ்ச மாதிரி இருந்தா சந்தேகமே வேணாம்.

பச்சைமட்டை
ஐரோப்பா வகையும் பாப்பீங்கன்னா, இங்கிலீஷ் ஓக்ல இலைக்காம்பு ரொம்பக் குட்டை, அடியில ரெண்டு சின்ன காது இருக்கும், கொட்டை நீளக் காம்புல தொங்கும். செசைல் ஓக் அப்படியே தலைகீழ், இலைக்குக் காம்பு உண்டு கொட்டைக்குக் கிடையாது. ரெண்டும் கலந்து கலப்பின மரமும் வரும், அப்போ ரெண்டோட அடையாளமும் அரைகுறையா இருக்கும், அதுக்கு ஒரு பேர் வெச்சே ஆகணும்னு மல்லுக்கட்டாதீங்க.