மறு: ‘சட்டவிரோதக் குடியேறி’க்கு மாற்றுச்சொல் உண்டா? திங்கள் காலை அச்சுக்குப் போகிறது

முத்தியால்பேட்டை, வெள்ளி இரவு

நம் மடல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக் கையேடு ஒன்றுக்காக அமெரிக்கக் குடியேற்றச் சீர்திருத்தம் பற்றிய பாடத்தை மொழிபெயர்க்கிறேன். பதினெட்டுப் பக்கம். பதினேழு முடிந்தது, ஒரே ஒரு பத்தியில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே ஒரு தரப்பு ‘இல்லீகல் இமிகிரன்ட்’ என்கிறது, மறுதரப்பு ‘அன்டாக்குமென்டட்’, அதாவது உரிய காகிதம் இல்லாதவர், என்கிறது. எந்தச் சொல் என்பதிலேயே பாதிச் சண்டை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013இல் முதல் சொல்லைத் தன் நடைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டது. செயலைச் சட்டவிரோதம் என்று எழுதலாம், ஆளை எழுதக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நான் நம் செய்தித்தாள் பழக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டேன். இன்று திருப்பிப் படித்தால் வாக்கியம் இப்படி நிற்கிறது: “சட்டவிரோதக் குடியேறிகளைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று அழைக்கக் கூடாது என எதிர்த்தரப்பு வாதிட்டது.”

சிரிக்காமல் ஒரு சொல் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், சனி விடியற்காலை

தம்பி, சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. வம்பலர். பாலைப் பாடல்களில் வழிநடையாக வரும் புதியவர்கள். வம்பு என்றால் புதுமை. அகநானூறு புதிதாக வந்த மோரியரை ‘வம்ப மோரியர்’ என்கிறது. தொல்காப்பியர் உரியியலில் ‘வம்பு நிலையின்மை’ என்றே விதி செய்துவிட்டார். புதிதாக வந்தவர், நிலைப்பு இல்லாதவர். இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறதே, இதைவிட என்ன வேண்டும்?

‘ஆவணமற்றவர்’ என்று யாராவது எழுதுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். சங்க காலத்தில் ஆவணம் என்பது கடைத்தெரு. பத்திரம் என்ற பொருள் பின்னால் வந்தது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்க் கிழவர், சுந்தரர் தன் அடிமை என்று சொல்லும் ஆளோலையை நீட்டுகிறார், சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார், கிழவரோ கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்த வழக்கு. அங்கே ஆவணம் இருந்ததால்தான் சுந்தரர் அடிமை. ஆவணம் இல்லாதவன் சுதந்திரன் அல்லவா?

நெல்லிக்குப்பம், சனி காலை

கள்ளக்குடியேறி. கள்ளநோட்டு, கள்ளச்சந்தை, கள்ளக்குடியேறி. எல்லோருக்கும் புரியும். இரண்டு நிமிஷ வேலைக்கு ஏன் தொல்காப்பியரை எழுப்புகிறீர்கள்?

லாஸ்பேட்டை, சனி காலை

நான் வவுனியாவில் பிறந்தவள், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ‘கள்ள’ என்ற அடையை ஆளுக்கு முன்னால் போடாதீர்கள், அண்ணா. இலங்கையில் மலையகத் தமிழரைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். தோட்டத்து லயத்தில் தலைமுறைகளாகப் பிறந்து, தோணியைக் கண்ணால் பார்க்காதவரும் கள்ளத்தோணிதான். எங்கள் பக்கத்திலும் அந்தச் சொல் வாயில் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சொல் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. இலங்கையில் உள்ளே வருவது குடிவரவு, வெளியே போவது குடியகல்வு. சிங்கப்பூரில் குடிநுழைவு என்கிறார்கள். இங்கே மட்டும் போவதும் வருவதும் ஒரே ‘குடியேற்றம்’. இந்தியாவில் 2025 செப்டம்பரில் புதிய வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருக்கும் என் சித்தி மகள் அன்றைக்குத் தேடியது அந்தப் பதிவுச் சீட்டைத்தான். அரிசி டின்னுக்குள் பாலிதீன் உறையில் வைத்திருந்தாள். ஆகவே என் ஓட்டு ‘பதிவில்லாக் குடிவரவாளர்’.

பாகூர், சனி மதியம்

திருப்பாதிரிப்புலியூர் அய்யா மன்னிக்க வேண்டும். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். ‘வம்பலர்’ என்று பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். நாம் வேண்டாம் என்று தவிர்க்கப் பார்க்கும் அர்த்தமே அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அக்காவின் ‘பதிவு’ இந்தியாவுக்குச் சரி. பாடம் அமெரிக்காவைப் பற்றியது. அங்கே பிரச்சினை இரண்டு வகை. எல்லையில் சோதனையைத் தவிர்த்து நுழைவது குற்றம், முதல் தடவை என்றால் சிறு குற்றம். விசாவில் ஒழுங்காக வந்து, நாள் தாண்டித் தங்கிவிடுவது குற்றவியலில் வராது, குடியியல் மீறல். விமான நிலையத்தில் முத்திரை வாங்கி வந்தவரை எப்படி ‘ஊடுருவல்காரர்’ என்பது? மெக்சிகோ எல்லை 3,145 கிலோமீட்டர், அதில் எவ்வளவு உயரம் வேலி போட்டாலும் இரண்டாவது வகை ஆள் அந்தப் பக்கமே வரப்போவதில்லை. ‘எல்லைப் பாதுகாப்பு’ என்று மொழிபெயர்த்துவிட்டு எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கிறோம்.

எங்கள் ஊரில் கடலூர் பஸ் ஏறினால் புதுச்சேரி-தமிழ்நாடு எல்லை எங்கே தாண்டியது என்றே தெரியாது. ஆல்பேட்டைச் சாவடியில் பையைத் துழாவும்போதுதான் தெரியும், அதுவும் மதுபாட்டிலுக்குத்தான் எல்லை, ஆளுக்கு இல்லை. 1954க்கு முன்னால், பிரெஞ்சு ஆட்சியில், சுங்கச் சாவடி இருந்தது, ஒரு மூட்டை அரிசிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று தாத்தா சொல்வார். சரி, இது கிளைக்கதை.

குயவர்பாளையம், சனி இரவு

பிரெஞ்சுக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ‘சான் பாப்பியே’, காகிதம் இல்லாதவர். 1996இல் பாரிசில் சேன் பெர்னார் தேவாலயத்துக்குள் புகுந்து உட்கார்ந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயராக அது ஊரெங்கும் பரவியது. நமக்கு இது புதிதா என்ன? 1962 ஆகஸ்ட் 16இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை தொடரும், கொடுக்காவிட்டால் இந்தியர். என் பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே கிணறு, நடுவில் ஒரு தாள். பெரியப்பா பேரன்கள் இன்று பாரிசில், நான் இங்கே உங்களோடு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏதிலி மாதிரி ‘தாளிலி’ என்று வைக்கலாமே. மூன்றெழுத்து, தூய தமிழ்.

திருப்பாதிரிப்புலியூர், ஞாயிறு காலை

தாள் என்றால் கால், நண்பரே. தாளிலி என்றால் காலில்லாதவர். பாலைவனத்தை நடந்தே கடந்தவருக்கு இந்தப் பெயரா? கூடவே, ஏதிலி என்பதே சறுக்கல். வள்ளுவர் ‘ஏதிலார் குற்றம்போல்’ என்றது அயலாரை. அதைத்தான் நாம் அகதி என்று ஆக்கிவிட்டோம்.

நெல்லிக்குப்பம், ஞாயிறு காலை

‘கள்ள’வை வாபஸ் வாங்குகிறேன். அம்மா சொன்னது தெரியாது. தாள், கால், ஓலை எதுவானாலும் இன்றைக்கே முடியுங்கள்.

முத்தியால்பேட்டை, ஞாயிறு மாலை

எண்ணிப் பார்த்தேன். ‘ஆவணமில்லாக் குடியேறி’க்கு ஆறு பேர், அதில் மூன்று பேர் “எதையாவது போடுங்கள்” என்று தனி மடலில் எழுதியவர்கள். பதிவில்லாக் குடிவரவாளருக்கு இரண்டு. தாளிலிக்கு ஒன்று, வம்பலருக்கு ஒன்று.

இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்கிறேன். கெடுபிடி கேட்பவர் வாயில் ‘சட்டவிரோதக் குடியேறி’, மறுதரப்பு வாயில் ‘ஆவணமில்லாக் குடியேறி’. பாடம் தானாகப் பேசும்போது ‘அனுமதியின்றி நுழைந்தோர்’, ‘காலங்கடந்து தங்கியோர்’ என்று பிரித்து எழுதுகிறேன், பாகூர் ஆசிரியருக்கு நன்றி. அடுத்த பத்தியிலும் இதே வில்லங்கம் வந்தது. 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படி நிலைபெற்றார்கள். அதை ஒருவர் ‘பொதுமன்னிப்பு’ என்பார், இன்னொருவர் ‘முறைப்படுத்தல்’ என்பார். 2013 மசோதாவில் எல்லையில் 700 மைல் வேலியும் வேண்டும், உள்ளே இருப்பவருக்கு 13 ஆண்டில் குடியுரிமைக்கு வழியும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறியது, கீழவை அதை எடுக்கவே இல்லை. அதற்கும் இரண்டு சொல்லையும் வைத்துவிட்டேன். கோப்பு போய்விட்டது.

லாஸ்பேட்டை, ஞாயிறு இரவு

சரி தம்பி. ‘குடியேறி’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை, இலங்கை வாசகருக்கு எழுதினால் குடிவரவாளர் என்றே எழுதுவேன்.

திருப்பாதிரிப்புலியூர், திங்கள் விடியற்காலை

‘இல்லா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஆவணமில்லாக் குடியேறி என்பதில் க் மிகும். அச்சகத்தார் ஒற்றைத் தின்றுவிடுவார்கள், மெய்ப்பில் பாருங்கள். மற்றபடி என் ஓட்டு வம்பலருக்கே.