முற்றத்தில் கிடந்த ஆறுமணிக் குருவி

எங்களுக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம். போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு முழுக்க மழையும் வாடைக்காற்றும். விடிந்ததும் வாசல் பெருக்கப் போன அம்மா, "இங்க வந்து பாரு, கிளிக்குஞ்சு மாதிரி ஒண்ணு கிடக்கு" என்று கூப்பிட்டார். வெளி லைட் எரிந்தபடி இருந்தது. வெளிச்சத்துக்கு வந்து சுவரில் மோதியிருக்க வேண்டும்.

கிளி இல்லை, ஆறுமணிக் குருவி. 50, 60 கிராம்தான் இருக்கும். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், சந்தன நிற நெஞ்சு, கண்ணை ஒட்டி மை இழுத்தது போல அகலமான கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வாலைத் தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவு குட்டை. கால் மட்டும் நீளம். காட்டுத் தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டி, புழு பூச்சி தேடித் தின்கிற கால் அது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அப்புறம் தெற்கே கிளம்பிவிடும். பறப்பதெல்லாம் இரவில்தான். அத்தனை தூரம் வந்த களைப்பில் நம் வீட்டு வாசலில் விழுகிறது.

சில வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒன்று விழுந்தபோது, பதறிப்போய் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கையிலேயே செத்துப்போனது. அது இன்னும் மனசை அறுக்கிறது. இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை. செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டித் துணி விரித்து, இருட்டு மூலையில் வைத்துவிட்டேன். பிள்ளைகளைக் கிட்டவே விடவில்லை. சாயங்காலம் பெட்டிக்குள் டொக் டொக்கென்று சத்தம். கொல்லையில் உடைமரத்தடியில் வைத்துத் திறந்தேன். குதித்து இறங்கியது. ஓடவில்லை. ஒரு சருகைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதருக்குள் போனது.

உங்கள் பக்கம் யாராவது பார்த்தீர்களா?

---

அண்ணே, எங்களுக்கு உச்சிப்புளி. தென்னந்தோப்பில் வருடா வருடம் கேட்கிறோம். காலை ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கை, பொழுது சாயும்போது மறுபடி இரண்டு. ஆள் மட்டும் கண்ணில் படாது. சருகைக் கூட்டி எரித்த வருடம் அந்த மூலையில் சத்தமே இல்லை. அதிலிருந்து வேலி ஓரத்துச் சருகை அப்பா தொடுவதில்லை.

---

தனுஷ்கோடி மணலில் ஒரு விடியற்காலை ஒன்றைப் பார்த்தேன் தம்பி. மரம் இல்லை, நிழல் இல்லை. வலைக்குவியலை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல் சுமார் 30 கிலோமீட்டர். இலங்கைக்கும் இந்தக் குருவி போகும் என்பார்கள். நாய் வராமல் வெயில் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு தாழப் பறந்து தாழம்புதர்ப் பக்கம் போய்விட்டது. பறக்கும்போதுதான் இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது.