வைஃபை இணைகிறது, இணையம் வருவதில்லை: ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள்

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீடு கீழ்த்தளமும் மாடியுமாக அமைந்தது. கீழே கூடத்தில் ஃபைபர் இணைப்பின் பெட்டி இருக்கிறது, 200 எம்.பி.பி.எஸ். வேகத் திட்டம் எடுத்திருக்கிறோம். இடையில் கான்கிரீட் தளம் இருப்பதால் மாடிக்கு வைஃபை சரியாக எட்டவில்லை. ஆகவே, முன்பு வேறொரு இணைப்புக்காக வாங்கிய பழைய ரவுட்டரை மாடியில் வைத்து, கீழ்ப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளைக் கம்பியால் இணைக்கும் துளை) வெளிச்சுவர் வழியாக ஒரு கேபிளை மேலே கொண்டுபோய், அந்த ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் செருகியிருக்கிறோம்.

மாடியில் மகன் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறான். கீழே என் பெற்றோர் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். மகளின் பள்ளிப் பாடங்களுக்காக வாங்கிய வைஃபை பிரிண்டரும் கீழேயே இருக்கிறது. பல நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சில நாட்களில், குறிப்பாகக் கரண்ட் போய் வந்த பிறகு, வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டினாலும் இணையம் கிடைப்பதில்லை. மாடியில் மட்டுமல்ல, கீழேயும் இது நேர்கிறது; ஒரே அறையில் ஒரு கைபேசியில் இணையம் வரும், பக்கத்துக் கைபேசியில் வராது. அப்போது பிரிண்டரின் பெயர் மடிக்கணினியில் தெரிந்தாலும் அச்சாவதில்லை. மகன் தன் மடிக்கணினியின் ஐ.பி. முகவரியை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்) கவனித்துப் பார்த்ததில், இணையம் கிடைக்கும் நாட்களில் அது 192.168.1 என்று தொடங்குவதும், கிடைக்காத நாட்களில் 192.168.0.103 என்று இருப்பதும் தெரிந்தது.

இன்னொன்று: கீழே வேகம் 190ஐத் தாண்டுகிறது, மாடியில் 94க்கு மேல் ஏறியதே இல்லை. இணைய நிறுவனத்தாரைக் கேட்டால் தங்கள் பெட்டியில் குறை இல்லை என்கிறார்கள். புதிய ரவுட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா, இருப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா?

செம்புக்கம்பி:

வணக்கம் ஐயா. உங்கள் மகன் அந்த இரண்டு முகவரிகளையும் குறித்து வைத்தது மிகவும் நல்லதாயிற்று. நோய் எது என்பதை அவையே சொல்லிவிடுகின்றன.

ஒரு கைபேசியோ மடிக்கணினியோ வைஃபையில் இணைந்தவுடன், தனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. அதற்கு விடை சொல்வது டி.எச்.சி.பி. என்னும் சேவை. முகவரியோடு, வெளியே செல்லும் வழி எது என்பதையும் அதுவே சொல்லிக் கொடுக்கிறது. ஒரு வீட்டில் இந்தச் சேவையை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் கீழ்ப் பெட்டியும் செய்கிறது, மாடி ரவுட்டரும் செய்கிறது. இரண்டும் லேன் போர்ட் வழியாக இணைந்திருப்பதால் மாடியில் கேட்ட வேண்டுகோள் கீழேயும், கீழே கேட்டது மாடியிலும் போய்ச் சேர்கிறது. எது முந்திக்கொண்டு விடை சொல்கிறதோ அதன் முகவரியைக் கருவி ஏற்றுக்கொள்கிறது. கீழ்ப் பெட்டி கொடுத்தால் 192.168.1 வரிசை, இணையம் உண்டு. மாடி ரவுட்டர் கொடுத்தால் 192.168.0 வரிசை, வெளியே செல்லத் தன்னையே வழியாகக் காட்டும் அந்த ரவுட்டரிடம் இணைய இணைப்பே கிடையாது. பிரிண்டரின் பெயர் தெரிந்தும் அச்சாகாததற்கும் இதுவே காரணம்: பெயரை அறிவிக்கும் செய்தி ஒரே கம்பியில் எல்லாருக்கும் போய்ச் சேரும், ஆனால் அச்சுக்கு அனுப்பும்போது மடிக்கணினி பிரிண்டரின் முகவரியை வேற்று வலையமைப்பு என்று கருதி, வழி தெரியாத மாடி ரவுட்டரிடம் கொடுத்துவிடுகிறது.

கரண்ட் வந்த பிறகு சிக்கல் மிகுவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் மெதுவாகத்தான் இயங்கத் தொடங்கும். எளிய பழைய ரவுட்டர் அதற்குள் தயாராகி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். கொடுத்த முகவரி அதன் காலக்கெடு முடியும்வரை கருவியிலேயே தங்கிவிடுவதால், ஃபைபர் பெட்டி பிறகு சரியாக இயங்கினாலும் அந்தக் கருவிக்கு மட்டும் இணையம் வராது.

செய்ய வேண்டியது மாடி ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக, மாற்றுவதுதான். முதலில் கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை ஒரு சிறு கேபிளால் ரவுட்டரோடு இணைத்து, 192.168.0.1 என்ற பக்கத்தில் நுழையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமித்தால், ரவுட்டர் ஒருமுறை நின்று இயங்கும். பிறகு அந்தப் புதிய முகவரியில் மறுபடி நுழைந்து டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், ஏனெனில் டி.எச்.சி.பி.யை முதலில் நிறுத்திவிட்டால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்துக்குத் திரும்புவது சிரமமாகிவிடும். கீழ்ப் பெட்டி வழங்கும் முகவரிகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்றும் பாருங்கள்; கடைசி எண் 2இலிருந்து தொடங்கினால் அதை 100 முதல் 200 வரை என்று மாற்றி, மாடி ரவுட்டரின் முகவரி வேறு எந்தக் கருவிக்கும் போகாதபடி செய்யுங்கள். இவை முடிந்தபின் கீழிருந்து வரும் கேபிளை முன்போலவே லேன் போர்ட்டில் செருகுங்கள், வெளி இணைய இணைப்புக்கான வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும். கடைசியாக எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

பழைய மோடம்:

மேலே சொல்லப்பட்டதோடு முழுவதும் உடன்படுகிறேன். கேபிளை மாடி ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள், இணையமும் உடனே வந்துவிடும். ஆனால் அப்போது மாடி தனி வலையமைப்பாகப் பிரிந்து, கீழே இருக்கும் பிரிண்டரை மாடிக் கருவிகள் தாமாகக் கண்டுபிடிக்க மாட்டா. ஒரு குடும்பம் ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தும் வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

94 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். ஈதர்நெட் போர்ட்டில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் சேர்ந்து செல்லும் தலைப்புத் தரவுகள் போக மிஞ்சும் வேகம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே அந்தப் பாதையில் ஏதோ ஒன்று 100இல் நின்றுவிடுகிறது. இரண்டு காரணங்கள் இருக்கலாம். விலை குறைந்த பழைய ரவுட்டர்கள் பலவற்றில், அவை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தருபவையாக இருந்தாலும், லேன் போர்ட்டுகள் 100க்கு உரியவையே. அல்லது கேபிளின் முனையில் கிரிம்பிங் (செருகியில் கம்பிகளை அழுத்திப் பொருத்துவது) சரியில்லாமல் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கலாம்: 100க்கு இரண்டு இணைக் கம்பிகள் போதும், கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வேகத்துக்கு நான்கு இணைகளும், அதாவது எட்டுக் கம்பிகளும், தொடர்பில் இருக்க வேண்டும். எது என்று அறிய, கேபிளின் மாடி முனையை நேராக மடிக்கணினியில் செருகி, இணைப்பு வேகம் 1 ஜி.பி.பி.எஸ். என்று காட்டுகிறதா, 100 எம்.பி.பி.எஸ். என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் போர்ட் கிகாபிட்டாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். இதைப் பார்க்காமல் எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்துவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மாடியில் 11 என்று பிரித்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இருக்காது.

காவிரிக்கரை:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசைப்படியே மகன் செய்து முடித்தான். அதன் பிறகு கரண்ட் போய் வந்தபோதும் எல்லாக் கருவிகளும் 192.168.1 வரிசையிலேயே முகவரி பெற்றன. மாடியிலிருந்து அச்சும் எடுக்க முடிகிறது. கேபிளை நேராக மடிக்கணினியில் செருகியபோது 1 ஜி.பி.பி.எஸ். என்று காட்டியது, ஆகவே தடை ரவுட்டரின் போர்ட்டில்தான் என்று கொள்கிறேன். ஆனால் கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் இருந்தும் இரண்டு பெட்டிகளும் ஒருமுறை நின்று இயங்குவதால், மகனின் அலுவலகக் கூட்டம் பாதியில் அறுந்துவிடுகிறது. இதற்கும் வழி உண்டா?

மேலக்காவேரி:

உண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யு.பி.எஸ். முறைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கும். அதை அந்த நிலையில் வைத்தால் மின்சாரம் மாறும் இடைவெளி குறையும். அதற்கும் பெட்டிகள் நின்றால், ரவுட்டர்களுக்கென்று விற்கும் சிறிய யு.பி.எஸ். வாங்குங்கள். வாங்குமுன் இரண்டு அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பாருங்கள். ஃபைபர் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், பழைய ரவுட்டர்களில் 9 வோல்ட்டும் உண்டு. 9 வோல்ட் கருவிக்கு 12 கொடுத்தால் அது கெட்டுப்போகலாம்.

வெளிச்சுவர் வழியாகச் செல்லும் அந்தக் கேபிள்தான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டுக்குள் இழுப்பதற்கான கேபிளாக இருந்தால் அதன் உறை வெயிலில் வெடிக்கும். இடியின்போது வெளியே ஓடும் செம்புக் கம்பியில் பாயும் மின்னோட்டம் இரு முனைகளிலும் உள்ள கருவிகளையும் பழுதாக்கக்கூடும். மாடிப்படி வழியாக உள்ளேயே கொண்டுபோக முடிந்தால் அதுவே சிறந்தது, ஆனால் மின்கம்பி ஓடும் குழாயிலேயே இதையும் சேர்த்து இழுக்க வேண்டாம். புதிய கேபிள் வாங்கினால் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே பெயரில் கடைகளில் கிடைக்கிறது.

பழைய மோடம்:

கேபிள் நன்றாக இருப்பதால் புதிய ரவுட்டருக்கு இப்போது அவசியமில்லை. ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்றை மாடியில் வைத்து, கீழிருந்து வரும் கேபிளை அதில் செருகி, அதிலிருந்து ஒரு கேபிளை மகனின் மடிக்கணினிக்கும் இன்னொன்றைப் பழைய ரவுட்டருக்கும் கொடுங்கள். அலுவலக வேலைக்கு முழு வேகம் கம்பியிலேயே கிடைக்கும். மாடியில் கைபேசிகளுக்கு 94 போதும். பிரிண்டருக்குக் கீழ்ப் பெட்டியில் நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால், பெட்டி நின்று இயங்கினாலும் அதன் முகவரி மாறாது.

செம்புக்கம்பி:

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள் ஐயா. மாடி ரவுட்டரின் ரீசெட் துளையை யாராவது ஊசியால் அழுத்தினால் டி.எச்.சி.பி. பழையபடி இயங்கத் தொடங்கிவிடும். மறுபடி எந்தக் கருவியிலாவது 192.168.0 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால், வேறெதையும் தொடாமல் முதலில் மாடி ரவுட்டரின் கேபிளைக் கழற்றுங்கள். தவறான முகவரி பெற்ற கருவியை அணைத்துப் போட்டால் கீழே இணையம் திரும்பிவிடும், மாடி ரவுட்டரைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.