ஜிம் மாஸ்டர் வேலைக்கு எந்தச் சான்றிதழ்? ஹட்டன்ல இருந்துகிட்டே எடுக்க முடியுமா?

மலைமுகடு:
வணக்கம். வயசு 20, உயர்தரம் முடிச்சாச்சு. ஹட்டன் டவுன்ல ஒரு ஜிம்ல உதவிக்கு நிக்கிறேன். பெர்சனல் ட்ரெய்னரா வரணும். கொழும்புல ஒரு இடத்துல ரெண்டு வாரக் கோர்ஸுக்கு "சர்வதேச டிப்ளோமா" தர்றாங்களாம். சிலர் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) எடுன்னு சொல்றாங்க, சிலர் ஆன்லைன்ல அமெரிக்கச் சான்றிதழ்தான் மதிப்புன்னு சொல்றாங்க. பிறகு துபாய், கட்டார் ஹோட்டல் பக்கம் போற யோசனை இருக்கு. இங்கிலீஷ் சுமார்தான். எதுல தொடங்குறது?

பெரகலைச் சந்தி:
தம்பி, அந்த ரெண்டு வார டிப்ளோமாவுக்குக் காசு கட்டிடாதீங்க. நம்ம நாட்டு என்.வி.கியூ முறையில 1 முதல் 4 வரைக்கும் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். ரெண்டு வாரத்துல மட்டம் 5 வாங்கவே முடியாது. அப்ப அது அந்த நிறுவனம் தன் பேர்ல அடிச்சுக் குடுக்கிற தாள், அவ்வளவுதான்.

எந்த நிறுவனத்துலயும் ரெண்டு கேள்வியைத் தனித்தனியாக் கேளுங்க. ஒண்ணு, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில நிறுவனம் பதிவாகியிருக்கா. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். ரெண்டாவது, இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு ஆணைக்குழுவின் தரச்சான்று இருக்கா. பதிவு இலக்கத்தை மட்டும் பெரிசா பேனர்ல போட்டுட்டு ரெண்டாவதைப் பத்தி வாயே திறக்காத இடங்கள் இருக்கு. அது இல்லாட்டி கடைசியில என்.வி.கியூ கையில வராது. சான்றிதழ்ல எந்தத் தொழிலோட பேர், எந்த மட்டம்னு அச்சாகும் என்பதையும் எழுத்துல வாங்குங்க.

நீங்க ஏற்கெனவே ஜிம்ல நிக்கிறதால இன்னொரு வழியும் இருக்கு. செய்ற வேலையையே மதிப்பிட்டுச் சான்றிதழ் குடுக்கிற முறை, ஆர்.பி.எல்னு சொல்வாங்க. நைட்டாவோட (அரசாங்கத்தோட தொழிற்பயிற்சி அதிகாரசபை) மாவட்டக் காரியாலயத்துல விசாரிங்க. சேவைக் கடிதம், வேலை செய்ற படங்கள், நீங்க எழுதின பயிற்சி அட்டைகள் எல்லாத்தையும் இன்னைக்கே ஒரு ஃபைல்ல சேர்க்கத் தொடங்குங்க. சேவைக் கடிதத்துல "உதவியாளர்"னு மட்டும் இருந்தா பிரயோசனம் குறைவு. தொடங்கின திகதி, செய்ற வேலைகள் ஒவ்வொண்ணா வரணும். மதிப்பீடு தமிழ்ல வேணும்னா அதை விண்ணப்பிக்கும்போதே சொல்லுங்க.

உயர்தர Z புள்ளி நல்லா இருந்தா பெலிஹுல்ஓயா சப்ரகமுவ பல்கலைக்கழகத்துல விளையாட்டு விஞ்ஞானம், உடற்கல்வின்னு பட்டப்படிப்பே இருக்கு. அதுக்குத் தனித் தேர்வும் எழுதணும், அறிவித்தல் வரும்போது தவற விட்றாதீங்க.

கடைசி ரயில்:
வளைகுடாவுக்குப் போறதா இருந்தா வெளிநாட்டுச் சான்றிதழும் வேணும். ஏஸ் (ACE), நாஸம் (NASM, தமிழ்ல வாசிச்சுப் பயந்துடாதீங்க), என்.எஸ்.சி.ஏ (NSCA), ஏ.சி.எஸ்.எம் (ACSM), இந்த நாலு அமைப்போட ட்ரெய்னர் சான்றிதழுமே அமெரிக்காவோட என்.சி.சி.ஏ (சான்றிதழ்களோட தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் உள்ளவை. இந்த அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. ஒரே கம்பனி அங்கீகாரம் உள்ளது, இல்லாதது ரெண்டையும் விக்கும். மலிவானதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

ஏஸ் பரீட்சையில 150 பல்தேர்வுக் கேள்வி, 3 மணித்தியாலம். அதுல 125க்குத்தான் புள்ளி, மிச்சம் 25 சோதனைக் கேள்வி, எது எதுன்னு தெரியாது. 200 முதல் 800 வரை போற அளவில 500 எடுத்தா பாஸ். நாஸம் 120 கேள்வி, 2 மணித்தியாலம். 18 வயசு நிரம்பியிருக்கணும். ஏஸ் சான்றிதழை 2 வருசத்துக்கு ஒரு தடவை 20 மணித்தியால மேற்படிப்போட புதுப்பிக்கணும். அந்தச் செலவையும் இப்பவே கணக்கில சேருங்க.

நம்ம ஆட்கள் அதிகமா மாட்டுறது பேர்ல. பரீட்சைக்குப் பதிஞ்ச பேரும் அடையாளப் பத்திரத்துல உள்ள பேரும் ஒத்துப்போகணும். நாம அப்பா பேரை முதலெழுத்தாப் போட்டுப் பழகினவங்க, பாஸ்போர்ட்லயோ அது முழுசா நீட்டி இருக்கும். பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தாப் பார்த்துப் பதியுங்க. வீட்டிலிருந்தே எழுதலாம்தான். ஆனா கெமரா முன்னால இருந்து நடுவுல லைன் போனா பெரிய தலையிடி. மழைக்காலத்துல போன் டேட்டாவை நம்பி உட்காராதீங்க.

இங்கிலீஷ் பத்திச் சொன்னீங்க. பேச்சு இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் சமாளிக்கலாம், உடற்கூற்றுச் சொற்கள் தெரியாமச் சமாளிக்க முடியாது. தசை எங்க தொடங்குது, எங்க முடியுது, எந்த மூட்டை அசைக்குதுன்னு ஒரு நாளைக்கு 5 தசை அட்டையில எழுதுங்க. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ்ல அதோட வேலை.

மலைமுகடு:
நன்றி அண்ணா. சிபிஆர் (இதயம் நின்னா நெஞ்சை அமுக்கிச் செய்ற முதலுதவி) சான்றிதழும் கேக்குறாங்களே, ஆன்லைன்ல ஒரு மணித்தியாலத்துல எடுக்கிறது செல்லுமா?

கடைசி ரயில்:
செல்லாது. பொம்மை மேல கையை வச்சு அமுக்கிக் காட்டின சான்றிதழ்தான் வேணும். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் ரெண்டும் முதலுதவி வகுப்பு நடத்துறாங்க. அவங்ககிட்ட சிபிஆர், ஏ.இ.டி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி குடுக்கிற கருவி) ரெண்டும் சான்றிதழ்ல பேர் போட்டு வருமான்னு முன்கூட்டியே கேளுங்க. வெறும் "முதலுதவி"ன்னு வந்தா திரும்பவும் அலையணும். நிமிசத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீட்டர், 30 அமுக்குக்கு 2 மூச்சு. புதுசா செய்றவங்க பலர் ஆழம் போதாம அமுக்குறாங்க, இல்லாட்டி நெஞ்சு முழுசா மேல வர விடாமலே அடுத்ததை அமுக்குறாங்க.

கொழுந்துக் கூடை:
அண்ணன்மார் தாள் பத்திச் சொல்லிட்டாங்க, நான் தாளுக்குப் பிறகு நடக்கிறதைச் சொல்றேன். தோட்டப் பக்கம் ஜிம்முக்கு வர்றவங்க எல்லாம் 22 வயசுப் பசங்க இல்லை. பிரஷர், சீனி உள்ள 45 வயசு அக்காமாரும் வருவாங்க. அதனால முதல் நாளே பார்-கியூ படிவம், அதாவது பயிற்சி தொடங்க முன்னால உடல்நிலையைக் கேக்கிற படிவம். 7 கேள்வி, நெஞ்சுவலி, தலைச்சுத்து, குடிக்கிற மருந்து எல்லாம் அதுல வரும். படிவத்தை நீட்டாம நீங்களே தமிழ்ல வாசிச்சுக் கேளுங்க. ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் தொடர்ந்து விவரமாக் கேட்டுட்டு, தேவைன்னா டொக்டர்கிட்ட அனுப்புங்க.

பிரஷருக்கு பீட்டா புளொக்கர்ங்கிற வகை மருந்து குடிக்கிறவங்களுக்கு நாடித்துடிப்பு மத்தவங்களுக்கு மாதிரி ஏறாது. "220ல வயசைக் கழி" கணக்கை (ஆளோட உச்ச நாடித்துடிப்பை ஊகிக்கிற கணக்கு) வச்சு ஓட விட்டீங்கன்னா ஆள் களைச்சு விழுவாங்க, மணிக்கூடு 110 காட்டிக்கிட்டு இருக்கும். அவங்களைப் பேச விடுங்க. ஒரு வசனத்தை முழுசாச் சொல்ல முடிஞ்சா அளவு சரி. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கினா பிரஷர் எகிறும், தூக்கும்போது மூச்சை விடச் சொல்லுங்க.

இன்சுலின் போடுறவங்களுக்கு நடுக்கமும் வேர்வையும் வந்தா நிறுத்திட்டு ரத்தத்துல சீனி அளவு பாருங்க. 70க்குக் (mg/dL) கீழன்னா 15 கிராம் சீனி, கிட்டத்தட்ட நாலு தேக்கரண்டி, தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிசத்துல மறுபடி பாருங்க. பிளேன்டீல போட்டு ஊதிக்கிட்டிருக்க அப்ப நேரமில்லை. ஆளுக்கு நினைவு தப்பினா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

கொழுந்து பறிக்கிறவங்க நாள் முழுக்கப் பாரம் சுமந்துட்டு வர்றாங்க. எடுத்த எடுப்புல டெட்லிப்ட் (தரையில இருந்து பாரம் தூக்குற பயிற்சி) குடுக்காதீங்க. விளக்குமாத்துக் கம்பை முதுகு நீளத்துக்கு வைங்க. பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூணும் கம்பைத் தொடணும், இடுப்புக்கும் கம்புக்கும் நடுவுல ஒரு உள்ளங்கை போற இடைவெளி. அப்படியே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால தள்ளிக் குனியச் சொல்லுங்க. மூணுல ஒண்ணு கம்பை விட்டா அதுதான் இன்னைக்கு எல்லை. 10 தடவை தப்பில்லாம வந்த பிறகு 5 கிலோ.

பெரகலைச் சந்தி:
கூடை அக்கா சொன்ன அந்தப் படிவங்களையும் பேரை மறைச்சு ஒரு பிரதி எடுத்து ஃபைல்ல வைங்க தம்பி, ஆர்.பி.எல் மதிப்பீட்டுக்கு உதவும். ஊக்கமருந்து ஊசி, மாத்திரை விக்கிற ஜிம்ல நின்னா அங்க சேவைக் கடிதம் கேட்கவே வேணாம், வேற இடம் பாருங்க. முதல் வேலையா சிபிஆர் வகுப்பு எப்பன்னு விசாரிச்சிட்டு, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிங்க.