டிசம்பர் 23: கக்கன் ஐயாவுக்கு பிளெக்ஸ் வேண்டாமே

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

முன்னாள் அமைச்சர் கக்கன் ஐயாவின் நினைவு நாளான டிசம்பர் 23-க்கு நம் மேலூர்ச் சங்கம் என்ன செய்யலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் போன மடலில் எழுதியதைப் படித்தேன். அவர் பிறந்த தும்பைப்பட்டியில் உள்ள மணிமண்டபத்தில் மாலை, நாலுவழிச் சாலையில் சங்கத்தின் பெயரில் ஒரு பிளெக்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு. மாலையும் நோட்டும் சரி அண்ணே. பிளெக்ஸ்தான் எனக்குச் சம்மதமில்லை. அவர் படத்தை விட நம் தலைகள்தான் அதில் பெரிதாக இருக்கும், போன தடவை பார்த்தோமே.

இன்னொன்றும் சொல்லணும். கக்கன் என்றதும் நம் வாட்ஸப்பில் சுற்றுவது ஒரே கதைதான். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார், அங்கே இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். தற்செயலாகப் பார்த்துப் பதறினார் என்பது. பத்து வருசம் மந்திரியாக இருந்தவர் அந்த நிலையில் கிடந்ததைப் படித்தால் யாருக்கும் மனசு கலங்கும்தான். ஆனால் அவருடைய ஏழ்மையை மட்டும் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம், வேலையைப் பேசுவதில்லை. நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "நேர்மையானவர்" என்பார்கள், அதற்கு மேல் ஒரு வரி வராது.

மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர். அப்பா ஊர்க் கோயில் பூசாரி. தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே விடாத காலம் என்பதால், அந்தப் பூசாரி மகன் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துப் போன அந்தச் சிறு கூட்டத்தில் இவரும் ஒருவர், அப்போது வயது 31. நம் பக்கத்துக் கிராமங்களில் இரவுப் பள்ளி நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். ஐயர் 1955-இல் இறந்தபோது இவரும் மொட்டை போட்டு, மகன்களோடு மகனாக நின்றார் என்பார்கள். அப்போது இவர் மக்களவை உறுப்பினர். அதற்கு முன்பே அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து எழுந்தவர்.

1957-இல் மேலூரில் ஜெயித்ததும் காமராஜர் அவரிடம் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். நமக்கு நெருக்கமான கதை இங்கேதான் இருக்கிறது. பெரியாற்று வாய்க்காலில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் நாம் ஒருபோகம். வாய்க்காலில் எப்போது தண்ணி விடுவார்கள் என்று வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்த வீடுகளில் பிறந்தவர்கள்தான் நாம் எல்லாரும். 1959 ஜனவரியில் வைகை அணை திறந்தபோது அந்தத் துறை அவர் கையில் இருந்தது. மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணியும் வருசநாட்டு மழையும் அங்கே தேங்கி, பேரணை வழியாகத்தான் நம் கடைமடைக்கு வந்து சேருகிறது. அணை அவர் ஒருத்தர் கட்டியதில்லை. இருந்தாலும் கடைமடைக்காரன் ஒருத்தன் அந்த நாற்காலியில் இருந்தது சும்மா இல்லை.

1965-ஐயும் மறைக்கக் கூடாது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது உள்துறை அமைச்சர் அவர்தான். நம் பெரியவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கோபம் கடைசி வரை ஆறவில்லை. 1967 தேர்தலில் மேலூர்ப் பக்கமே அவரைத் தோற்கடித்தது. மரியாதை செய்கிறோம் என்று இதைத் துடைத்துவிட்டால் அது அவருக்கும் மரியாதை இல்லை, அடிபட்டவர்களுக்கும் இல்லை.

என் யோசனை இதுதான். பழைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். 1957 முதல் 1967 வரை பாசனம், சாலை, மாணவர் விடுதிகள் பற்றி அவர் சொன்ன பதில்களை ஆளுக்குக் கொஞ்சமாகத் தேடி எடுப்போம். உறுப்பினர்கள் குடைந்து கேட்ட கேள்விகளையும் சேர்த்தே போடணும். கூடவே, எண்பது தாண்டிய நம் வீட்டுப் பெரியவர்களிடம் போனில் பேசி, அவரை நேரில் பார்த்ததை அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு பண்ணுவோம். திட்டுகிறவர்கள் திட்டட்டும், அதையும் வெட்டாமல் வைப்போம். எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம், நோட்டோடு பிள்ளைகள் கையில்.

துபாய்த் தம்பிகள் 1957–62 பகுதியை எடுத்துக்கொண்டால், மிச்சத்தை குவைத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிளெக்ஸுக்கு ஒதுக்கிய காசை அச்சுக்கூலிக்கு மாற்றலாமா என்று பொருளாளர் மாமா இந்த வெள்ளிக்குள் சொல்லிவிட்டால், மதுரையில் அச்சகத்தில் பேசிவிடுவேன்.

அன்புடன்,
குவைத்திலிருந்து உங்கள் மேலூரான்